காயமடைந்த தொழிலாளிக்கான இழப்பீடு உயர வேண்டும்

அவையில் கூடியிருக்கும் தோழர்களே, பெரியோர்களே, வணக்கம்.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குத் தரப்படும் இழப்பீட்டை இரக்கத்தின்பேரில் செய்யும் உதவியாகக் கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். அது ஓர் உடன்பாட்டின்படி அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈடு கேட்ட தொழிலாளி, முதலாளியின் தவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவே காரணம் என்றோ, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார் என்றோ வாதிட்டு முதலாளி தப்பித்துக்கொள்ள முடிந்தது. 1884இல் ஜெர்மனியும் 1897இல் பிரிட்டனும் இயற்றிய சட்டங்கள் இந்நிலையை மாற்றின. யார் தவறு என்று கேளாமலே இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது. அதற்கு மாற்றாக, முழு நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பல நாடுகளில் தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற தொகையைச் சுருங்க விடுவது, உடன்பாட்டை ஒரு தரப்பு மட்டும் மீறுவதாகும்.

சுருங்குவது எப்படி என்று பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், மாற்றமில்லாத ஒரு மாதத் தொகையின் வாங்கும் ஆற்றல் 15 ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இருபது வயதில் கையை இழந்தவருக்கோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்க்கை இருக்கிறது. அவருடைய இழப்பீடு, விபத்து நடந்த நாளில் அவர் வாங்கிய தொடக்கநிலைக் கூலியை வைத்தே கணக்கிடப்படுமானால், அனுபவத்தால் அவர் அடைந்திருக்கக்கூடிய ஊதியம் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது. என்னைப் பொறுத்தவரை, இளம் தொழிலாளிக்கு இழைக்கப்படும் இந்த அநீதியே எல்லாவற்றிலும் கொடியது. இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கான உச்சவரம்பைப் பல ஆண்டுகள் திருத்தாமல் வைத்திருப்பதும் இழப்பீட்டை இப்படியே சுருக்குகிறது.

நாம் கேட்பது புதுமையானதன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை, வேலைத்திறனை முற்றிலும் இழந்தவருக்கு, மனைவியும் இரு பிள்ளைகளும் கொண்டதாக அது வரையறுக்கும் மாதிரிக் குடும்ப அளவில், ஊதியத்தில் 60 விழுக்காட்டையும், இறந்தவரின் குடும்பத்துக்கு 50 விழுக்காட்டையும் குறைந்த அளவாக வைத்தது. பிறர் துணையின்றி இயங்க முடியாதவருக்குக் கூடுதல் தொகை வேண்டும் என்றும், வாழ்க்கைச் செலவு உயர்ந்து பொதுவான ஊதிய நிலையும் பெரிதும் மாறும்போது, வழங்கப்பட்டுவரும் தொகைகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இழப்பீட்டை உயர்த்தினால் தொழில் தாங்காது என்பார்கள். செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. நிறுவனம் ஏற்காத பங்கை, வேலையை விட்டுவிட்டுக் கணவனைப் பராமரிக்கும் மனைவியும், படிப்பை நிறுத்தும் பிள்ளையும் ஏற்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையோடு காப்பீட்டுக் கட்டணமும் ஏறும் முறை இருந்தால், இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடுவதே மலிவு என்பதை நிர்வாகமும் உணரும்.

ஆகவே, இழப்பீடு ஆண்டுதோறும் பொது ஊதிய உயர்வோடு தானாகவே உயரும்படி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் அரசின் கதவைத் தட்டும் நிலை கூடாது. அந்த உயர்வு இனி அடிபடுவோருக்கு மட்டுமன்றி, பல ஆண்டுகளுக்கு முன்பே அடிபட்டு இன்றும் பழைய தொகையையே வாங்கிவருவோருக்கும் பொருந்த வேண்டும்.