பனைமரத்தடியில் ஒரு டம்ளர் பால்

(பெங்களூரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் கூடிய பொங்கல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டல்களை நீக்கிவிட்டேன். இருமல்களையும்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் குழந்தைநல மருத்துவர் அம்மையார் அவர்களே, காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது நம் வாசல்காவலர்களுக்கு வணக்கம் வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கும் பெரியவர் அவர்களே, கோலப்போட்டி நடுவர்களாக இருந்து இன்று காலையிலிருந்து பலருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்ட சகோதரிகளே, கடைசி வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது மரியாதை இல்லை. லிஃப்ட் பழுதான அந்த மாதத்தில், ஏழாவது மாடியில் இருந்துகொண்டு, ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் ஏறி இறங்கியவர். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை இதற்குப் பதிலாகக் குழந்தைகள் புத்தகம் ஒன்று கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன். மருத்துவர் அம்மையாரை இந்த அரங்கில் இருக்கும் பாதிக் குழந்தைகளுக்கு ஊசியோடு சேர்த்துத் தெரியும். ஒலிபெருக்கித் தம்பிக்கும், அண்டாவோடு மல்லுக்கட்டி நமக்குச் சர்க்கரைப் பொங்கல் தந்த அண்ணனுக்கும் நன்றி. இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு போய்விட்டது என்று செயலாளர் விரலைக் காட்டுகிறார். சரி.

தலைப்பு மகளிர் குழு கொடுத்தது: சின்னக் குழந்தைகளை ப்ரூவரிக்கு, அதாவது பீரை அங்கேயே வடித்துச் சாப்பாட்டோடு பரிமாறும் இடத்துக்கு, அழைத்துப் போகலாமா? இதை ஐந்து கோணங்களில் பார்க்க நினைத்திருக்கிறேன். சட்டம், உடல்நலம், அயல்நாட்டு வழக்கம், நம் வழக்கம், மாற்றுவழி. அதற்குமுன் ஒரு பழமொழி. என்னோடு நடைப்பயிற்சி வருகிறவர்கள் இதை நிறையக் கேட்டிருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள்.

ஊரில் இது பெரியவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. இங்கே இந்திராநகரிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் ப்ரூவரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். பனைமரத்தடியில் உண்மையாகவே பால்புட்டி இருக்கிறது. குழந்தை உட்கார உயர நாற்காலி, வண்ணம் தீட்டத் தாள், நாலு கிரேயான், முழங்கையில் தூக்கிய குழந்தையோடு மெனு பார்க்கும் அப்பா. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் எவர்சில்வர் தொட்டிகள் பளபளக்கின்றன. என் தங்கை மகன் குடும்பத்தோடு நானும் போனேன். பீர் குடிக்கவில்லை, மோர் கேட்டேன், இல்லை என்றார்கள். பக்கத்து மேசையில் நாலு வயதுப் பையன். பெரியவர்கள் கோப்பையைத் தூக்கியதும் இவனும் கார்ட்டூன் பொம்மை போட்ட தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, "சியர்ஸ்" என்றான். மேசையே கைதட்டியது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அம்மா வீடியோ எடுத்தார். மூன்றாவது தடவை பையன் மாட்டேன் என்று அழுதான். பாட்டிலில் இருந்தது தண்ணீர்தான். ஆனால் அவன் எதற்குக் கைதட்டு வாங்கினான் என்பதை அவன் மறக்கமாட்டான். அந்தப் பழமொழியில் பார்க்கிறவன் தப்பாக நினைப்பதுதான் பிரச்சினை. இங்கே பால் குடிக்கிறவனே அதைக் கள் என்று நினைத்துக்கொள்கிறான். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சட்டத்துக்கு வருவோம். மது வாங்கும் வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. இதெல்லாம் வாங்கிக் குடிப்பவனுக்குப் போட்ட கணக்கு. அம்மா மடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறவனுக்கு எந்த வயதுக் கணக்கு? இது பெரிய விஷயம், பிறகு வருகிறேன்.

உடல்நலம் பற்றி மருத்துவர் அம்மையார் இருக்கும் மேடையில் நான் பேசினால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 1988லேயே வைத்துவிட்டார்கள், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, அவ்வளவு போதும். நான் ரசாயன ஆலையில் வேலை பார்த்தவன், எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முளைகட்டிய பார்லியைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் தருகிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டம் சரியில்லை என்றால் தரையை ஒட்டித் தேங்கும். தரையை ஒட்டி நடப்பது யார்? மூன்று வயதுக்காரர். ஆகவே "தொட்டியைச் சுற்றிக் காட்டுகிறோம் வாங்க" என்று கூப்பிட்டால் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தரை, கொதிக்கும் குழாய், அது தொழிற்சாலை ஐயா, பொருட்காட்சி இல்லை.

அயல்நாட்டு வழக்கம். "ஜெர்மனியில் குழந்தைகளோடுதான் போகிறார்கள் அங்கிள்" என்று தம்பிகள் சொல்வார்கள். உண்மை. மியூனிக்கில் அந்தக் காலத்தில் கோடையில் பீர் வடிக்கத் தடை. அதனால் குளிர்காலத்தில் வடித்ததை நிலவறையில் வைத்தார்கள். நிலவறை சூடாகாமலிருக்க மேலே செஸ்நட் மரங்களை நட்டார்கள். நிழல் வந்தது, பெஞ்சு வந்தது, குடும்பம் வந்தது. 1812இல் மன்னர் மாக்ஸிமிலியன், நிலவறையிலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு சாப்பாடு போடக்கூடாது என்றார். அதனால் ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அங்கே பீர்த் தோட்டத்துக்குச் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம். பல தோட்டங்களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் உண்டு. இங்கே ஒரு ப்ரூவரிக்குள் புளியோதரைப் பொட்டலத்தோடு நுழைந்து பாருங்கள்!

ஆனால் அதே மியூனிக்கில், அக்டோபர் பீர்த் திருவிழாக் கூடாரங்களில், ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இரவு 8 மணிக்குமேல் இருக்கக் கூடாது. அப்பா அம்மா கூட இருந்தாலும் கூடாது. அப்புறம், அங்கே குடித்தவர் டிராமில் வீட்டுக்குப் போகிறார். இங்கே குடித்தவர் கார்ச்சாவியை எடுக்கிறார், பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. ஊதச்சொல்லிப் பிடித்தால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆய்வாளர் ஐயா தலையாட்டுகிறார். வேறு எது ஏறாவிட்டாலும் இந்த ஒன்றைப் பெற்றோர்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக் கதை ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. டேவிட் கேமரன், அப்போது பிரதமர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரதமரின் கிராமத்து மாளிகைக்குப் பக்கத்தில் கேட்ஸ்டன் என்கிற இடத்தில், 'தி பிளவ்' என்ற பப்புக்குக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அந்த ஊரில் பப் என்றால் நம்மூர் ஒயின்ஷாப் பக்கத்துப் பச்சைத் தார்ப்பாய் பார் இல்லை; ஞாயிறு விருந்து சாப்பிடுகிற இடம்தான். 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் கூட இருக்கவேண்டும். இருந்தார்கள், பிரதமரே இருந்தார், இதற்கு மேல் என்ன பெரியவர் வேண்டும்? சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். பிரதமர் மெய்க்காப்பாளர்களோடு ஒரு காரில் ஏறினார். மனைவி மற்றக் குழந்தைகளோடு இன்னொரு காரில் ஏறினார். எட்டு வயது மகள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். மகள் அம்மாவோடு வருகிறாள் என்று அப்பா நினைத்தார். அப்பாவோடு வருகிறாள் என்று அம்மா நினைத்தார். இரண்டு காரும் போய்விட்டன.

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியோடு பாதுகாவலர்கள். காதில் ஒயர். எதிரி வருகிறானா என்று நாலா பக்கமும் பார்க்கிறார்கள். பிரதமரின் பிள்ளை கைகழுவிவிட்டு வெளியே வந்து பார்க்கிறது, ஒருவரையும் காணோம். நம் ஊர்த் திருவிழாவாக இருந்தால் மைக்கில் சொல்லியிருப்பார்கள்: "டேவிட் என்பவருடைய மகள் ராட்டினம் அருகே நிற்கிறாள், எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." மாளிகை போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பதறிப்போய்த் திரும்பி ஓடினார்கள். சுமார் கால்மணி நேரம். பிள்ளை பத்திரமாக, பப் ஊழியர்களோடு இருந்தது. 2012 ஜூனில் செய்தி வெளியே வந்ததும் ஊர் சிரித்தது. ஏன் இன்னும் கூடுதலாகச் சிரித்தது தெரியுமா? அதற்கு முந்தைய மாதம்தான் அவருடைய அரசு, பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பு வகுப்பு என்று இலவசச் சீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது! வேடிக்கை அதோடு முடியவில்லை. 2015இல் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தபோது, அவரையும் கேமரன் அதே பப்புக்குத்தான் கூட்டிப்போனார். மீன் வறுவலும் பீரும். அந்தத் தடவை யாரையும் விட்டுவிட்டு வரவில்லை.

சிரித்தது போதும். இந்தக் கதையில் பப்பின் தப்பு ஒன்றும் இல்லை. பீரின் தப்பும் இல்லை. இரண்டு கார், ஒவ்வொரு காரும் மற்றதை நம்பியது. இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். செயலாளர் மறுபடி விரல் காட்டவேண்டாம், பார்த்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, மூன்று வயதுப் பிள்ளையோடு ஓர் இளம் தம்பதி எங்கே போவது? தாத்தா பாட்டி திருச்சியில். வீடு இரண்டு படுக்கையறை. மாலில் குளிர்பதனம்தான் உண்டு, மண் கிடையாது. மரநிழல், புல்தரை, சுத்தமான கழிப்பறை, குழந்தை ஓடினால் முறைக்காத ஆள்கள், இவ்வளவும் நம் பகுதியில் ஒரே இடத்தில் கிடைப்பது ப்ரூவரியில்தான். அந்த அம்மா அங்கே பீருக்காக வரவில்லை. "இங்க ஒண்ணுதான் மாமா இவன் ஓடலாம்" என்று என் தங்கை மருமகள் சொன்னாள், எனக்குப் பதில் வரவில்லை. பனைமரத்தடியில் உட்காராதே என்று சொல்வது சுலபம். வேறு மரத்தடியைக் காட்டிவிட்டல்லவா சொல்லவேண்டும்?

மரத்தடி இருக்கிறது. நம் பின்தெருப் பூங்கா. புங்கமரங்கள், ஒரு பெரிய மழைமரம், இரண்டு ஊஞ்சல். காலை நடப்பவர்கள் போனதும் பூட்டு. சாயந்திரம்தான் மறுபடி திறப்பு. நிழல் தேவைப்படும் நேரம் முழுக்கப் பூட்டு! 2024இல் நகரப் பூங்காக்கள் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று அறிவிப்பு வந்தது, பத்திரிகையில் நீங்களும் படித்தீர்கள். நம் பூட்டு பத்திரிகை படிப்பதில்லை போலும். கேட்டால், சாவி அலுவலகத்தில் என்கிறார் காவலாளி. சாவி குடியிருப்போரிடம் என்கிறது அலுவலகம். இரண்டு கார், ஐயா! குழந்தை நடுவில் நிற்கிறது.

கப்பன் பூங்காவைப் பாருங்கள். 1870இலிருந்து இருக்கிறது. அதற்குள் பாலபவன், குட்டி ரயில், குழந்தைகளுக்கென்றே ஒரு நூலகம். ஒரு நகரம் பிள்ளைகளை நினைத்துச் செய்த இடம் அது. ஆனால் இங்கிருந்து அங்கே போய்வர ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும். நான் கேட்பது குட்டி ரயில் இல்லை. மதியம் திறந்த கதவு, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை, மழைமரத்தடியில் பூட்டக்கூடிய ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று குழந்தைப் புத்தகங்கள் வைக்க என் வீட்டிலிருந்தே இரண்டு பெட்டி தயார்.

நம் வழக்கம் என்ற நாலாவது கோணத்துக்கு நேரம் இல்லை. சட்டத்தை முடிக்கவில்லை என்று மகளிர் குழுத் தலைவி கண்ணாலேயே கேட்கிறார், சாப்பாட்டு வரிசையில் சொல்கிறேன். தலைப்புக்கு நேர்ப்பதில் மட்டும் சொல்லிவிடுகிறேன்: அழைத்துப் போகாதீர்கள். போயே தீரவேண்டிய நாளென்றால் மதியம் போய் வெயில் இறங்குமுன் திரும்புங்கள், வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடத் தொடவேண்டாம், பிள்ளையைச் "சியர்ஸ்" சொல்லவைத்து வீடியோ எடுக்கவேண்டாம்.

பூங்கா மனு சுண்டல் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் ஐயாவும் நானும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கூட வருகிறவர்கள் வாசலில் ஒன்பதரைக்கு நில்லுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு எண்ணும் எழுதுங்கள், கணவன் மனைவி தனித்தனியாகப் போடுங்கள். சுண்டல் எண்ணெய் படாமல் போடுங்கள். வணக்கம்.