திருடியவன் கிறிஸ்தவனாக இருந்தாலும் விடாதே, தாயே!

திரையில் தெரிவது ஓர் ஈயத் தகடு. இங்கிலாந்தின் பாத் நகரில், பழைய தெய்வங்களில் ஒருத்தியான சூலிஸ் தேவியின் வெந்நீர் ஊற்றுக்குள் கிடந்தது. வயது ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். அன்னியானுஸ் என்பவரின் பணப்பையிலிருந்து ஒரு காலையில் ஆறு வெள்ளிக் காசுகள் களவு போயின. மனிதர் இந்தத் தகட்டில் எழுதி நேராகத் தேவியிடமே முறையிட்டுவிட்டார். புறச்சமயத்தானோ கிறிஸ்தவனோ, ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ இல்லையோ, எடுத்தவன் எவனாயினும் அவனிடமிருந்து வசூலித்துக் கொடு என்கிறார். எழுத்துகளை வேறு தலைகீழ் வரிசையில் கீறியிருக்கிறார். பின்பக்கம் திருப்பினால் 18 பெயர்கள். சந்தேகப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும். ஆறு காசுக்கு 18 பேர்!

எனக்கு இந்தத் தகடுதான் ரோமர் ஆண்ட கால பிரிட்டனின் கிறிஸ்தவத்துக்கு முதல் சாட்சி. ஊரில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிலும் திருடன் இருக்கலாம், அவனையும் சூலிஸ் பிடித்துவிடுவாள் என்று ஒருவர் சாதாரணமாக எழுதிப் போட்டிருக்கிறார்.

"சரி, தேவாலயம் எங்கே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். 314-ஆம் ஆண்டு இன்றைய பிரான்ஸின் ஆர்ல் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு பிரிட்டனிலிருந்து மூன்று ஆயர்கள் (பிஷப்புகள்) போயிருக்கிறார்கள்; யார்க், லண்டன் ஆயர்கள் அவர்களில் இருவர். ஆயர் இருந்தால் சபையும் இருந்திருக்கும். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் "இதுதான் தேவாலயம்" என்று சுட்டக்கூடிய கட்டடம் மிக அரிது. சில்செஸ்டரில் உள்ள சிறு கட்டட அடித்தளத்தைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை.

கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருள்களைப் பாருங்கள். 1975-இல் கேம்பிரிட்ஜ்ஷையரின் வாட்டர் நியூட்டனில், உழுத வயலில் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. கிண்ணங்கள், குடங்களோடு முக்கோண வடிவ மெல்லிய தகடுகள். இலை நரம்பைப் போன்ற வரிகள். பலவற்றில் கை-ரோ, அதாவது கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய சின்னம். ஒரு தகட்டில், ஒரு பெண் தான் நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டதாக எழுதியிருக்கிறது. நம் ஊர் வேளாங்கண்ணியில் வெள்ளித் தகடு காணிக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதே இலை வடிவத் தகடுகளைத்தான் அந்நாட்டு மக்கள் பழைய தெய்வங்களுக்கும் செலுத்திவந்தார்கள். சாமி மாறியது, நேர்த்திக்கடன் மாறவில்லை.

கென்ட்டில் உள்ள லல்லிங்ஸ்டோன் என்னும் ரோமர் கால மாளிகை இன்னும் சுவையானது. சுவர் இடிந்து ஆயிரக்கணக்கான சுண்ணாம்புச் சில்லுகளாகக் கீழறையில் விழுந்து கிடந்த ஓவியத்தைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்தார்கள். கைகளை விரித்து ஜெபிக்கும் மனிதர்களும் மாலைக்குள் ஒரு கை-ரோவும் வெளிப்பட்டன. மேலறையில் இப்படி ஜெபம். அதற்கு நேர் கீழே முன்னோரின் பளிங்குச் சிலைகள் இரண்டு, அவற்றின் முன் படையல் கலயங்கள். மேலே ஜெபம் தொடங்கிய பிறகும் கீழே படையல் நிற்கவில்லை என்றே அகழ்ந்தவர்கள் கருதினார்கள். மாமியார் ஒரு மதம், மருமகள் ஒரு மதமோ என்னவோ! அது என் ஊகம், விட்டுவிடுங்கள்.

கடைசியாக டோர்செட்டின் ஹின்டன் செயின்ட் மேரி. 1963-இல் ஊர்க் கொல்லர் ஒருவர் மண்ணைத் தோண்டும்போது மொசைக் தரை தட்டுப்பட்டது. நடுவட்டத்தில் தாடியில்லாத இளைஞரின் முகம், பின்னால் கை-ரோ, இருபுறமும் மாதுளம்பழம். அடுத்த பகுதியிலோ கைமேரா என்னும் கற்பனை விலங்கைக் குத்தும் கிரேக்க வீரன் பெல்லரோஃபோன்! இந்த முகம் கிறிஸ்துவா, பேரரசரா என்று அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். நான் கிறிஸ்து கட்சி. "கிறிஸ்துவின் முகத்தை யாராவது மிதிப்பார்களா?" என்பது எதிர்க்கட்சியின் வலுவான கேள்வி. ஆனால் 427-இல் ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியுஸ், கிறிஸ்துவின் சின்னத்தைத் தரையில் பொறிக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. யாரும் பொறிக்காவிட்டால் எதற்குச் சட்டம்? அந்தச் சட்டம் வந்தபோது பிரிட்டன் ரோமின் கையை விட்டே போயிருந்தது.