நூறு எம்பிபிஎஸ் வருது, மாடி பல்பு ஏன் எரியல? ஸ்மார்ட் வீட்டுக்கு நெட் கம்பெனி செய்யவேண்டியது

[திரையில்: மதுரைத் தெரு ஒன்று. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் மெல்லிய கறுப்பு ஃபைபர் ஒயர்.]

வணக்கம். மதுரையில் இன்று வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் பேசும்போதே வாசலுக்குக் கேமரா, ஹாலுக்கு மொபைலில் எரிகிற விளக்கு, தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கிற மோட்டார் என்று கேட்டு வாங்குகிறார்கள். பழைய வீட்டுக்காரர்களும் கடையில் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கிவந்து மாட்டிப் பார்க்கிறார்கள். இதில் எது நின்றாலும் முதலில் திட்டு வாங்குவது பல்பு கம்பெனிதான். பல நேரம் பல்பில் குறை இருக்காது. வீட்டுக்குள் வைஃபை போட்ட விதத்தில் இருக்கும்.

அந்த வைஃபையை வைத்துத் தருவது நெட் கம்பெனி. ஸ்பீடு டெஸ்டில் பிளானில் சொன்ன எண் வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரு பல்புக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ‘எரி’, ‘அணை’ என்கிற கட்டளை மிகச் சிறிய தகவல், எந்தப் பிளானிலும் போய்ச் சேரும். அதற்கு வேண்டியது விட்டுப்போகாத சிக்னல், நிற்காத கரண்ட், ஏதாவது கோளாறு என்றால் புரிந்துகொண்டு பேச ஒரு ஆள். இந்த மூன்றையும் நெட் கம்பெனிகளும், அவர்களுக்காகத் தெருவில் லைன் இழுக்கிற கேபிள் ஆபரேட்டர்களும் எப்படித் தரலாம் என்று பார்க்கப்போகிறோம். வீட்டுக்காரர்களும் பாருங்கள். லைன் போட ஆள் வரும்போது என்ன கேட்கவேண்டும் என்று தெரியும்.

[திரையில்: நீளமான பழைய வீட்டின் வரைபடம். முன்னறையில் ரூட்டர், கடைசியில் மோட்டார் அறை.]

முதல் விஷயம், ரூட்டர் பெட்டியை எங்கே வைப்பது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். ஃபைபர் வாசல் வழியாக வருகிறது, அதனால் பெட்டியும் வாசலுக்கு மேலேயே, இல்லையென்றால் டிவிக்குப் பின்னால் ஷோகேஸுக்குள் போய்விடுகிறது. அப்புறம் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

“தம்பி, பின்னாடி மோட்டார் ரூம்ல வைஃபை சுவிட்ச் மாட்டிருக்கு. அங்க வரைக்கும் கிடைக்குமா?”

“அதெல்லாம் கிடைக்கும்க்கா. இங்க பாருங்க, நூறு காட்டுது.”

அவர் கையில் இருக்கிற போன் ரூட்டருக்கு இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. மோட்டார் அறை நான்கு சுவர் தாண்டி.

இதற்குத் தீர்வு ரொம்பச் சாதாரணமானது. சிக்னல் பலத்தைக் காட்டுகிற ஒரு ஆப்பை லைன்மேன் போனில் போட்டுக்கொண்டு, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடக்கவேண்டும். கேமரா மாட்டுகிற இடம், மோட்டார், மொட்டை மாடி, வாசல் கேட். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்திலிருந்து கீழே இறங்க இறங்கப் பலம் குறையும். மைனஸ் 65 டிபிஎம் பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 80-ஐத் தொட்டால் அங்கே வைக்கிற சாதனம் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். இப்படி நடந்து பார்த்தபிறகு பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தால், பத்து மீட்டர் ஃபைபர் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

ஒரே பெட்டி போதாத வீடுகளும் உண்டு. திருநகரிலோ ஆனையூரிலோ கட்டுகிற இரண்டு மாடி வீட்டில் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வருகிறது, சிக்னல் அதில் பெருமளவு அடிபடும். அங்கே ‘ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது சரியான யோசனை இல்லை. ரிப்பீட்டர் பலவீனமான சிக்னலை வாங்கித் திரும்ப வீசுகிறது. அதுவும் அதே அலைவரிசையில் வாங்கி அதிலேயே வீசினால் வேகம் பாதியாகும். மாடிக்கு ஒரு லான் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் நிலைத்து நிற்கும். தளம் போடும்போதே அந்த கேபிளுக்கு ஒரு பைப் விட்டிருந்தால் சுவரை உடைக்கவேண்டாம். எனவே, நெட் கம்பெனிகள் தங்கள் பகுதி எலக்ட்ரீஷியன்களிடமும் கொத்தனார்களிடமும் பேசவேண்டும். ரூட்டருக்கு இந்த இடம், அதற்கு ஒரு பிளக் பாயிண்ட், மாடிக்கு ஒரு பைப் என்று ஒரு பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தால் போதும். இதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை. செய்கிற ஆபரேட்டருக்கு அந்த வீட்டின் கனெக்‌ஷன் கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

[திரையில்: ஒரே ரூட்டரிலிருந்து இரண்டு நிற அலைகள். ஒன்று சுவரைத் தாண்டுகிறது, இன்னொன்று சுவரிலேயே தேய்கிறது.]

அடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற இரண்டு வைஃபை அலைவரிசைகள். இரண்டுமே உங்கள் ரூட்டரில் இருக்கும். ஐந்தில் வேகம் அதிகம், தூரம் குறைவு. இரண்டு புள்ளி நான்கில் வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். ஸ்மார்ட் பல்பு, பிளக், மோட்டார் சுவிட்ச் பெரும்பாலும் 2.4-ஐ மட்டும்தான் புரிந்துகொள்ளும். இப்போது வருகிற ரூட்டர்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். போன் ஐந்தில் போய் உட்கார்ந்திருக்கும், பல்பு 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும், சில ஆப்களில் ஜோடி சேரவே சேராது. வாங்கிய மனிதர் பல்பை ‘டேமேஜ் பீஸ்’ என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதற்கு 2.4-இல் மட்டும் ஓடுகிற ஒரு தனிப் பெயரை, ‘வீடு-சாதனம்’ என்பதுபோல, லைன் போடும் அன்றைக்கே வைத்துக் கொடுத்துவிடலாம். வைஃபையின் பாதுகாப்பு முறையையும் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய சாதனங்கள் உள்ளே வராது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறை வேண்டும். செல்லூர் மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிற இடத்தில் சேனலையும், அதாவது அலைவரிசைக்குள் ரூட்டர் பேசுகிற தடத்தையும், பார்க்கவேண்டும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்களாக 1, 6, 11 என்று மூன்றைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு ரூட்டர் எதில் கத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மீதியில் எது காலியோ அதில் வைக்கவேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரூட்டர் கெட்டுப்போய்ப் புதிதாக மாற்றும்போது, கம்பெனியிலிருந்து வந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பல்பும் கேமராவும் அந்த நொடியே அநாதை ஆகிவிடும். ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக ரீசெட் செய்யவேண்டும். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, ஓர் எழுத்துகூட மாறாமல் புது ரூட்டரில் போட்டால், எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ரூட்டர் மாற்றப் போகிற ஒவ்வொரு லைன்மேனும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: “பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும் என்ன சார் வச்சிருந்தீங்க?”

[திரையில்: நாளிதழின் ‘நாளைய மின்தடை’ பட்டியல் மாதிரி ஓர் அறிவிப்பு.]

சரி, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போகிற மின்சாரம் மாலைதான் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், ஃபேன் ஓடும், நெட் மட்டும் இருக்காது. காரணம், ரூட்டர் மாட்டியிருக்கிற பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. லைன் போடும்போதே மெயினை ஒரு முறை ஆஃப் செய்து பார்த்தால் இது தெரிந்துவிடும். இன்வெர்ட்டரில் ‘யூபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்தக் கண நேர இடைவெளியில் ரூட்டர் அணைந்து மறுபடி எழும், எழுந்து நெட் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். இன்வெர்ட்டரே இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து, கம்பெனியே மாதத் தவணையில் தரலாம்.

வீட்டுப் பக்கம் மட்டும் சரிசெய்து பயனில்லை. ஃபைபரில் ஒரு நல்ல குணம், நடுவழியில் ஒரு லைனை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். கரண்ட் வேண்டியது ஆபரேட்டர் அறையில் இருக்கிற, தெரு ஃபைபர் லைன்கள் தொடங்குகிற ஓஎல்டி பெட்டிக்கு. அதன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டால், தெருவில் எத்தனை வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் இருக்காது. எந்தெந்தப் பகுதியில் மின்தடை என்று முந்தைய நாளே பேப்பரில் வருகிறது. அதைப் பார்த்து பேட்டரியை நிரப்பி வைப்பது, ஜெனரேட்டர் ஏற்பாடு செய்வது, வாடிக்கையாளருக்கு ஒரு வாட்ஸப் தகவல் அனுப்புவது எல்லாம் ஆபரேட்டர் நினைத்தால் நடக்கிற காரியம்தான்.

கரண்ட் திரும்பும்போதும் ஒரு தொல்லை உண்டு. நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியும், குழந்தை விழித்துக்கொள்ளும். ஆப்பில் ‘கரண்ட் வந்ததும் பழைய நிலை’ என்று ஓர் அமைப்பு பல பல்புகளில் இருக்கிறது. நெட் கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டது இல்லைதான். ஆனால் சொல்லிக் கொடுத்தால் அந்த வீட்டில் அவர்கள் பெயர் நிற்கும்.

[திரையில்: நான்கு கேமரா, ஒரு மேல்நோக்கிய அம்பு.]

கேமரா விஷயத்தில் வேகமும் கணக்குக்கு வருகிறது, ஆனால் அது நாம் வழக்கமாகப் பார்க்கிற டவுன்லோடு இல்லை, அப்லோடு. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் நாள் முழுக்க இணையத்துக்கு அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மாதம் ஏறக்குறைய 650 ஜிபி. நான்கு கேமராவுக்கு 2.6 டிபி. ‘அன்லிமிடெட்’ பிளானில் ஒரு எல்லைக்குமேல் வேகம் குறைகிற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மாதக் கடைசியில் கேமரா திக்குவது இதனால்தான். விற்கும்போதே “எத்தனை கேமரா? மெமரி கார்டில் பதிவா, இணையத்தில் பதிவா?” என்று கேட்டுவிட்டால் சரியான பிளானைச் சொல்லலாம். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்புகிற மாதிரி அமைத்தால் இந்தக் கணக்கு வெகுவாக இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டுகிற எண். பழைய முறையான ஐபிவி4-இல் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். போதாது என்பதால் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதனால் வீட்டில் கேமரா படத்தைப் பதிவுசெய்கிற டிவிஆர் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்க முடியாது. கேமரா போட்டவர் நெட்டைக் குறை சொல்வார், நெட்காரர் கேமராவைக் குறை சொல்வார். முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 முகவரியை ரூட்டரில் ஆன் செய்து தருவது, தேவைப்படுகிறவருக்கு மாறாத தனி முகவரியான ஸ்டாட்டிக் ஐபியை நியாயமான விலையில் தருவது, இந்த இரண்டும் கம்பெனி கையில்தான் இருக்கின்றன. 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான ‘மேட்டர்’ என்கிற ஸ்மார்ட் ஹோம் பொதுத் தரமும் வீட்டுக்குள் ஐபிவி6-ஐ வைத்துத்தான் ஓடுகிறது. அந்தச் சாதனங்களுக்கு வெளி இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் கட்டுப்பாடு போகாது, ரூட்டர் உயிரோடு இருந்தால் சரி.

பாதுகாப்பை விட்டுவிடக்கூடாது. 2016-இல் மிராய் என்கிற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையத் தளங்களை முடக்கியது. பலியானவை நம் வாசலில் தொங்குகிற அதே வகைப் பெட்டிகள். ரூட்டரின் ‘அட்மின்’ பாஸ்வேர்டை வீட்டுக்கு வீடு வேறாக வைத்து, ரூட்டர் மென்பொருளைத் தவறாமல் புதுப்பிப்பது கம்பெனியின் பொறுப்பு என்றே நான் சொல்வேன். வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது.

[திரையில்: ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று சொல்லி, ரூட்டரில் சிவப்பாக எரியும் ‘எல்ஓஎஸ்’ விளக்கு.]

கடைசியாக, கோளாறு வரும்போது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பதைத் தாண்டி இப்போது நிறையச் செய்யலாம். டிஆர்-069 என்கிற தொலைநிர்வாக முறை 2004-லிருந்தே இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஒரு வீட்டின் ரூட்டரில் எத்தனை சாதனம் சேர்ந்திருக்கிறது, எது அடிக்கடி விழுகிறது, எந்தச் சேனல் என்று பார்த்து மாற்றலாம். வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பார்க்கவேண்டும், அது அவர்கள் வீட்டு விஷயம். ஃபைபரில் வருகிற ஒளியின் பலமும் அங்கிருந்தே தெரியும். மைனஸ் 20 டிபிஎம்மில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் 26-க்கு இறங்கினால், கதவிடுக்கில் ஒயர் மடங்கியிருக்கும், இல்லை ஜாயிண்டில் குறை இருக்கும். பெரும்பாலான பெட்டிகளுக்கு மைனஸ் 27 தான் எல்லை. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆள் அனுப்பலாம்.

நம் ஊரில் இதில் ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. மகன் சிங்கப்பூரில் அல்லது பெங்களூரில் இருப்பான். அப்பா அம்மா மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பார்கள். கேமராவும் நெட்டும் அவன் ஏற்பாடு, கனெக்‌ஷன் அவன் நம்பரில். நெட் போய்விட்டது என்று அம்மா போன் செய்தால் வருகிற பதில்:

“ரெஜிஸ்டர் பண்ண நம்பர்ல இருந்து கூப்பிடுங்கம்மா. ஓடிபி அதுக்குத்தான் போகும்.”

அந்த நேரம் அவன் வேலையில் இருப்பான், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பான். கேமரா இருண்டுபோய், அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று அவனும் பதறுவான். கனெக்‌ஷன் கொடுக்கும்போதே படிவத்தில் இரண்டாவது எண்ணுக்கு ஓர் இடம் வைத்தால் இது தீர்ந்துவிடும். அந்த இரண்டாவது எண்ணிலிருந்து புகார் பதியலாம், லைன்மேன் வருகிற நேரத்தைக் கேட்கலாம். பிளான் மாற்றுவதற்கும் பணம் கட்டுவதற்கும் மட்டும் மகனின் ஓடிபி போதும். வேலை முடிந்ததும் “லைன் சரியாகிவிட்டது, மூன்று கேமராவும் ஆன்லைனில் இருக்கின்றன” என்று ஒரு செய்தி இரண்டு எண்ணுக்கும் போகவேண்டும்.