சாது என்று சொல்லிவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரச மிருக வைத்தியராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் என்னைத் தேடி வந்தவர்கள் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது, ஆடு வயிறு ஊதிக் கிடக்கிறது என்று வந்தவர்கள்தான். ஒருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆலோசனை கேட்டு வீட்டு வாசலில் கூடையோடு வந்து நிற்பவர்களில் பாதிப்பேரின் கூடைக்குள் இருப்பது நீள மயிரும் தட்டை முகமும் கொண்ட பேர்சியன் பூனை. போதாததற்கு என் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. பேத்தியின் பிறந்தநாளுக்கு மகன் வாங்கிக் கொடுத்தான். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

வந்த முதல் வாரமே பேத்தி ஓடி வந்தாள். "அப்பப்பா, இதுவும் உங்களைப் போலக் குறட்டை விடுகிறது!" வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூனை குறட்டை விட்டால் மூச்சு போகும் வழி ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். பேர்சியனைச் சாதுவான பூனை என்று புகழாதவர் இல்லை. அந்தச் சாதுத்தனத்தில் குணம் எவ்வளவு, சுகவீனம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இன்று எனக்குத் தந்திருக்கும் பத்து நிமிடமும் இதைச் சுற்றித்தான் போகும்.

குணம் உண்மையிலேயே நல்ல குணம். எங்கள் ஊர்ப் பூனை மதிலால் ஏறி, கூரையால் நடந்து, அயல்வீட்டுக் குசினியில் மீன்சட்டியின் மூடியைத் தள்ளிவிட்டுத்தான் திரும்பி வரும். பேர்சியன் விறாந்தைக் கதிரையில் ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. குட்டைக் கால், அகன்ற நெஞ்சு, பெரிய உருண்டைத் தலை. உயரப் பாயும் எண்ணமே அதற்கு வராது. குரல் மெல்லியது. பசித்தாலும் ஊரைக் கூட்டாமல் எதிரே வந்திருந்து முகத்தைப் பார்க்கும். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே மூலையில் படுக்கை, பழகிய ஆட்கள் என்றால் அதற்கு நிம்மதி. வீட்டில் சாமத்தியச் சடங்கு வைத்து ஒலிபெருக்கி கட்டினால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளோடு ஒத்துப்போகும், வாலைப் பிடித்து இழுக்கும் பிள்ளையைக் கண்டால் ஒதுங்கிவிடும்.

அந்த முகத்துக்கு வருகிறேன். பெயரில்தான் பாரசீகம். 17ஆம் நூற்றாண்டில் பியத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி பாரசீகத்து நீளமயிர்ப் பூனைகளைப் பற்றி எழுதினார் என்பது உண்மை. ஆனால் இன்றைய பேர்சியனின் மரபணுவைப் பார்த்தவர்கள், அது ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்கிறார்கள். 1871ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பலஸில் ஹரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சியில் நீளமயிர்ப் பூனைகளும் இருந்தன. அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள், பேர்சியனுக்கு மூக்கு இருக்கிறது! குட்டைமூக்கை அழகென்று கருதித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துச் சேர்த்ததில், இருபதாம் நூற்றாண்டில்தான் முகம் இப்படித் தட்டையாகிப்போனது. முகத்தின் எலும்பு சுருங்கியது. உள்ளே இருக்கும் தசையும் பற்களும் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. அதனால் மூக்குத் துவாரம் ஒடுங்கியது, பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்தன, கண்ணீர் மூக்குக்கு வடியும் குழாய் வளைந்தது. கண்ணீர் வெளியால் வழிந்து கன்னத்தில் செம்மண் நிறத்தில் கறை பிடிக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தினமும் துடைத்துவிட வேண்டும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மூக்கு கொஞ்சமாவது வெளியே தெரியும் குட்டியாகப் பாருங்கள். விற்பவர் அதைத் தரம் குறைந்தது என்று சொல்லுவார். என் கணக்கில் அதுதான் தரமான குட்டி.

இந்த மூக்கோடும் மயிரோடும் அது யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் வாழ வேண்டும். பூனைக்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான் வியர்க்கும். மிச்சச் சூடு மயிரை நக்கும் ஈரத்திலும் மூச்சிலும் போக வேண்டும். மூச்சுப் பாதையே ஒடுங்கியிருந்தால்? நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. பூனை அப்படி இரைத்தால் ஆபத்து. ஒரு பங்குனி மாதம், தகரக் கூரைக்குக் கீழே கூண்டில் வைத்திருந்த பூனையை ஒருவர் கொண்டுவந்தார். "மத்தியானம் முழுக்க ஆடாமல் அசையாமல் நல்ல பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது ஐயா" என்றார். அதன் உடம்புச் சூடு 41 பாகை. சுகமான பூனைக்கு 38, 39க்குள்தான் இருக்கும். அப்படி நேர்ந்தால் சாதாரண கிணற்றுத் தண்ணீரால் உடம்பை நனைத்து, மின்விசிறிக்குக் கீழே கிடத்தி, உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். பகலில் நிழலான சீமெந்துத் தரையும் காற்றும் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீரும் இருந்தால் இந்த நிலை வராது.

மயிர் பெரிய வேலை. மேலே நீள மயிர், அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். அடிமயிர் உதிர்ந்து வெளியே விழாமல் மேல்மயிரில் சிக்கிச் சடையாகிறது. காதுக்குப் பின்னால், கக்கத்தில், வயிற்றில், பின்தொடையில்தான் சடை தொடங்கும். முதுகை மட்டும் தடவிப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. சடை இறுகினால் நடக்கும்போது தோலை இழுக்கும். பூனை நடப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் அதையும் சாது என்பார்.

பல் அகன்ற உலோகச் சீப்பால் முதலில், பேன்சீப்புப் போன்ற நெருக்கமான சீப்பால் பிறகு, தினமும் கால் மணித்தியாலம் வாருங்கள். சிக்கு வந்த இடத்தில் மயிரை அடியில் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து எடுத்தால் தோல் இழுபடாது. கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலெழும்பும். சடையென்று நினைத்துத் தோலை வெட்டிய கதைகளுக்கு நான் எத்தனையோ தடவை தையல் போட்டிருக்கிறேன்.

வளவுக்குள் விட்டால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் மயிரில் ஏறிக்கொண்டு வரும். வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது நல்லது. குளிக்க வார்ப்பதாக இருந்தால் முதலில் சிக்கெடுங்கள். நனைந்த சடை இன்னும் இறுகும். எங்கள் கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, மயிரில் பிசுக்காகத் தங்கிவிடும். பூனைக்குரிய ஷாம்பூவைக் கொஞ்சமாகப் போட்டு, பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதிலே கடைசியாக அலசுங்கள். அடிமயிர் வரை உலர வேண்டும். எங்கேயாவது வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இந்த இனத்துக்கு அது அதிகம். கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளைக்கும் தொற்றும்.

சாப்பாட்டு விடயத்தில் சைவ வீட்டார் கோபிக்கக் கூடாது. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. என் மனைவி பூனைக்கும் தயிர்ச்சோறு வைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. பூனைக்கு விரதம் சரிவராது. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதிய அளவு உண்டாக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். அது நெடுநாள் குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பருத்துத் தளரும். அந்த இதய நோய்க்கு இதுதான் காரணம் என்று 1987இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கடையில் விற்கும் பூனை உணவில் அதைச் சேர்த்திருப்பார்கள். திருவிழா முடியும் வரை அதன் கிண்ணத்தை விறாந்தைக் கோடியில் வைத்தோம், சமாதானமாகிவிட்டது. குழம்பு மீனை அப்படியே போடாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டம் தரும். காய்ச்சல் என்று நினைத்துப் பரசிட்டமோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே உயிரைக் குடிக்கும். நாய்க்குப் பூசும் உண்ணி மருந்தில் பேர்மெத்ரின் இருந்தால் அதுவும் நஞ்சு. விசர்நோய்த் தடுப்பூசி பூனைக்கும் உண்டு, மறக்காதீர்கள்.

கடைசியாகச் சிறுநீரகம். இந்த இனத்தில் பரம்பரையாக வரும் நோய் ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் நீர்க்கட்டிகள் பிறவியிலேயே தொடங்கி, மெல்ல மெல்லப் பருத்து, ஏழெட்டு வயதில் வேலையைக் காட்டும். தாய், தகப்பன் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். ஒரு காலத்தில் பல நாடுகளில் சோதித்த பேர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் இருந்தது. காரணமான மரபணுவை 2004இல் கண்டுபிடித்த பிறகு சோதனை வந்துவிட்டது. குட்டி வாங்கும்போது வம்சப் பத்திரத்தைக் காட்டுவார்கள். தாய் பூனையின் வயிற்றை ஸ்கான் செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

நோய் வந்த பூனை முதலில் மெலியும். பேர்சியனில் அது கண்ணுக்குத் தெரியாது, மயிர் மூடிவிடும். ஒரு கிலோ குறைந்த பிறகும் பூனை அதே பருமனாகத்தான் தெரியும். ஆகவே நிறுத்துப் பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துவிட்டால் சரி. எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பேத்தி அதைச் செய்து நாட்காட்டியில் எழுதுகிறாள். என்னுடைய நிறையையும் பக்கத்தில் எழுதிவைக்கிறாள். போன மாதம் பூனை நாலு கிலோ நூறு கிராம்; என்னுடையதை வானொலியில் சொல்வதாக இல்லை. வணக்கம்.