புறப்புண்

(தீத்தொண்டு வாரத்தையொட்டிச் சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சீருடையோடு இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலைய நண்பர்களே, 108 வண்டியிலிருந்து வந்திருக்கும் தம்பிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பு. அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளும் அதுவே. தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944ஆம் ஆண்டு அதே நாளில், பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் பருத்திப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். அணைக்கப் போனவர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்காகத்தான் மலர் வளையம் வைக்கிறோம்.

அந்தச் சாவில் துயரம் உண்டு, குழப்பம் இல்லை. தீ கொன்றது, அல்லது பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றியவரின் அலட்சியம் கொன்றது. தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பம் போடும்போதே அப்படி ஒரு நாள் வரக்கூடும் என்பது அந்த இளைஞனுக்கும் அவன் தாய்க்கும் தெரியும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு வகைச் சாவு: உதவிக்கு வருகிறவனைக் கொல்வதற்காகவே ஒருவன் தீ வைத்து, வரவழைத்து, காத்திருந்து கொல்வது, அப்படி ஒன்று நடந்த பிறகு பொதுமக்களாகிய நாம் என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்பது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் விடியற்காலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டர் என்னும் ஊரில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒரு வீடு எரிவதாக அழைப்பு வந்தது. அந்த ஊர்த் தீயணைப்பு அணி சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் அணி. வண்டியிலிருந்து இறங்கியதும் அவர்கள்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. இருவர் இறந்தார்கள்; இருவர் படுகாயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் காவல்துறை அதிகாரியாகவும் இருந்தவர். மற்றவருக்கு வயது 19. சுட்டவன் தன் பாட்டியைக் கொன்று 17 ஆண்டுகள் சிறையில் இருந்து வந்தவன். காவலர்கள் கவச வண்டி கொண்டுவந்து அக்கம்பக்கத்தினர் 33 பேரை வெளியேற்றினார்கள். குண்டுகளுக்கு அஞ்சி யாரும் தீயை நெருங்க முடியாததால் ஏழு வீடுகள் எரிந்துபோயின.

2025 ஜூன் 29 அன்று ஐடஹோ மாநிலத்தின் கூர்டலீன் நகரை ஒட்டிய கேன்ஃபீல்ட் மலையில் கிட்டத்தட்ட இதே கதை நடந்தது. புதர்த் தீயை அணைக்கப் போன தீயணைப்பாளர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மூன்றாமவர் படுகாயமடைந்தார். தீயை வைத்தவனும் சுட்டவனும் 20 வயது இளைஞன் ஒருவனே என்று பின்னால் தெரிந்தது. வண்டியை நிறுத்திய இடம் சரியில்லை, நகர்த்திக்கொள் என்று தீயணைப்பாளர்கள் அவனிடம் சொன்னதாகக் காவல்துறை தெரிவித்தது. அந்த இளைஞனே ஒரு காலத்தில் தீயணைப்பு வேலைக்குப் போக ஆசைப்பட்டவன் என்ற செய்தியும் வந்தது. இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கம் சொன்னவர்களை நம்பவும் முடியவில்லை.

அன்று மாலை வரை எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதே அங்கிருந்த அதிகாரிகளுக்குத் தெளிவாகவில்லை. ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது: எத்தனை பேர், எந்தக் கட்சி, எந்தக் கொள்கை. இதைக் கேட்டு அமெரிக்கரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. நம் டீக்கடையில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதல் கேள்வி 'செத்தது யார்?' என்று வருவதில்லை. 'அடிச்சவன் எந்த ஊராம், என்ன ஆளுங்களாம்?' என்றுதான் வருகிறது. பதில் நமக்குத் தோதாக இருந்தால் கோபம் பெருகும், தோதாக இல்லையென்றால் 'அவனுக்கு மனநிலை சரியில்லையாம்' என்று பேச்சு அடங்கும். செத்தவர் இந்த இரண்டு பேச்சிலும் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். கூர்டலீனில் இருவரின் உடல்களும் ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டபோது மக்கள் சாலையோரத்திலும் மேம்பாலங்களிலும் கூடி நின்றார்கள். வெப்ஸ்டரில் நடந்த இறுதிச் சடங்குக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கனடாவிலிருந்தும் தீயணைப்பாளர்கள் வந்தார்கள். பேச்சில்லாமல் வந்து நிற்கிற அந்த மரியாதை நம் ஊர் எழவு வீட்டிலும் உண்டு; அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

அடுத்து வருவது சட்டம். வெப்ஸ்டர் கொலை நடந்து மூன்று வாரத்தில், 2013 ஜனவரி 15 அன்று, நியூயார்க் மாநிலம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வெப்ஸ்டருக்குப் பத்து நாள் முன்பு சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதற்குக் காரணம். அவசரப் பணியில் இருப்பவரைக் கொன்றால் விடுதலையே இல்லாத ஆயுள் சிறை என்று அதில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் வெப்ஸ்டரில் சுட்டவன் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஐடஹோவிலும் அப்படியே. சாகத் துணிந்து வருகிறவனை எந்த ஆயுள் தண்டனை மிரட்டும்? அதைவிடப் பயனுள்ள வேலையை விசாரணை செய்தது. வெப்ஸ்டரில் சுட்டவன் கொலைக் குற்றவாளி; அவனுக்குச் சட்டப்படி துப்பாக்கி விற்க முடியாது. அப்படியானால் அது எப்படி அவன் கைக்குப் போனது என்று துருவினார்கள். அவனுக்காகக் கடையில் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு எட்டாண்டுச் சிறை கிடைத்தது. மலர் வளையத்துக்குக் கூடியவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்துவிட்டது. 108 சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாம் வாசலில் நின்று கை தட்டினோம், தட்டைத் தட்டினோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி பித்தளைத் தாம்பாளத்தையே எடுத்துவந்து கரண்டியால் அடித்தார். நான்கு வாரம் ஆனது. ஏப்ரல் 19 இரவு, சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோன வண்டியை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்கு அடிபட்டது, கடைசியில் சக மருத்துவர் ஒருவர் தம் கையால் குழிக்குள் மண்ணைத் தள்ளினார். மூன்று நாள் கழித்து மத்திய அரசு 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. கை தட்டியவர்கள் வேறு, கல் எறிந்தவர்கள் வேறு என்று நினைத்துக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. எனக்கு அந்த ஆறுதல் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவுக்குப் பின்னால் பஞ்சுக் கழிவு போட்டு வைத்திருந்த கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. செவ்வாய்பேட்டைப் பக்கத்துச் சந்துகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஒரு மாட்டு வண்டி புகுந்தால் எதிரே சைக்கிள் வர முடியாது. தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. குறுக்கே பத்துப் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள், ஒரு தள்ளுவண்டி. நாங்கள் வண்டிகளை நகர்த்தவில்லை. 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் வர்றீங்களா?' என்று கத்தினோம். அவர்கள் குழாயைத் தெருமுனையிலிருந்தே இழுத்துவந்து, இருவராகக் குழாயின் வாயைப் பிடித்து நின்றார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது ஒரு கையை விட்டாலும் குழாய் பாம்பாகத் துள்ளி ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கூட்டத்திலிருந்து ஒரு ரப்பர்ச் செருப்பு பறந்து போய் முன்னால் நின்றவரின் முதுகில், சட்டை நனைந்து ஒட்டியிருந்த இடத்தில், விழுந்தது. அவர் திரும்பவில்லை. திரும்ப முடியாது. செருப்பு அவர் காலடியில் ஓடிய கரித்தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருந்தது. எறிந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவனாக இருந்தேனா என்பதையும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வெண்ணிப் போர்க்களத்துக்குப் பிறகு வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து, உயிர் விட்ட சேரனின் கதை நாம் அறிந்தது. புறப்புண் பட்டவனுக்கு இழுக்கு என்பது போர்க்கள நீதி. தீக்களத்தில் நிற்கிறவனின் நீதி நேர்மாறானது. அவன் முகம் தீயைப் பார்த்திருக்கிறது. முதுகு நம்மைப் பார்த்திருக்கிறது. நாம் பின்னால் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு கைகளையும் குழாய்க்குக் கொடுத்திருக்கிறான். அந்த முதுகில் குண்டு பட்டாலும் செருப்பு பட்டாலும் இழுக்கு யாருக்கு?

செத்தபின் 'வீரர்' என்கிறோம், 'தியாகி' என்கிறோம். வேலைக்கு எடுக்கும் அறிவிப்பில் உள்ள பெயர் 'தீயணைப்பாளர்', அவ்வளவுதான். தீயால் சாக நேர்வது அந்த வேலையின் ஆபத்து. அழைத்தவன் கையால் சாவது அந்த வேலையில் சேர்ந்ததல்ல; அதை வீரமரணம் என்று சொல்லி 66 பேர் வரிசையில் சேர்த்துவிட்டால், நடந்த துரோகத்தை யாரும் கேட்க வேண்டியதில்லாமல் போகும். கொன்றவனுக்கும் நமக்கும் அது வசதி.

அந்தத் துரோகத்தின் செலவு அடுத்து அழைக்கிறவரின் தலையில் விழுகிறது. இப்படி ஒரு தாக்குதல் நடந்த ஊரில் அடுத்த முறை மணி அடிக்கும்போது, காவலர் வரட்டும், இடம் பாதுகாப்பானது என்று சொல்லட்டும், அதுவரை தெருமுனையில் நில்லுங்கள் என்று அணிக்கு உத்தரவு வரும். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் என்ன என்பதை இங்கே இருக்கும் 108 தம்பிகளைக் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் அரசியல் கூட்டங்களுக்கு நடுவே வந்த 108 வண்டிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. கட்சிக் கணக்கு இந்த மேடைக்கு வேண்டாம். ஆனால் 'நோயாளியே இல்லாமல் வெறும் வண்டி ஏன் வருகிறது?' என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் படித்தவர்களும் கேட்டார்கள். நோயாளியை ஏற்றப் போகிற வண்டி வெறும் வண்டியாகத்தான் போகும்.

யார் செத்தார்கள் என்பதைப் பொறுத்துத் துக்கத்தை அளந்து கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 2025 மார்ச் 23 அன்று காசாவின் ராஃபாவில் செஞ்சிலுவை போன்ற செம்பிறைச் சங்கத்தினர், குடிமைப் பாதுகாப்புப் படையினர், ஐ.நா. ஊழியர் ஒருவர் என மீட்புப் பணிக்குப் போன 15 பேரை இஸ்ரேல் ராணுவம் சுட்டுக் கொன்றது. வண்டிகள் விளக்கு இல்லாமல் சந்தேகத்துக்கிடமாக வந்தன என்று ராணுவத்தார் முதலில் சொன்னார்கள். இறந்தவர் ஒருவரின் கைபேசியில் இருந்த காணொளியில் வண்டிகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஐடஹோவுக்கு அழுதவர்களில் பலர் இதற்கு மௌனமாக இருந்தார்கள். இதற்குக் கொதித்தவர்களில் பலருக்கு ஐடஹோ ஒரு செய்தியாகவே படவில்லை. போர் வேறு, தனி மனிதன் செய்த கொலை வேறு என்பது உண்மைதான். எரிகிற விளக்கோடு வந்த வண்டி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

சேர்வராயன் மலையில் இது தீக்காலம். மாசி, பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லில் யாரோ அணைக்காமல் வீசிய பீடித் துண்டு போதும். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றின் மேலே புகை எழும். வண்டி போக முடியாத சரிவில் வனத்துறையினரும் தீயணைப்பாளர்களும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஏறி, அடித்து அணைக்கிறார்கள். கீழே வளைவில் கார்களை நிறுத்திவிட்டு நாம் படம் எடுக்கிறோம். பின்னால் வரும் தண்ணீர் வண்டி ஒலி எழுப்பிக்கொண்டே நிற்கிறது. நம் மலையில் துப்பாக்கியோடு யாரும் காத்திருக்கவில்லை. வழியை மறிக்க நமக்குத் துப்பாக்கி தேவைப்படவும் இல்லை.

இன்னும் இரண்டு செய்திகள் சொல்லக் குறித்து வைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இரண்டாம் வரிசை நண்பர்கள் விடுப்பில் வந்தவர்கள் இல்லை. பணியில் இருக்கிறார்கள், அழைப்பு வந்தால் என் பேச்சின் நடுவிலேயே எழுந்து போவார்கள். அவர்களுடைய வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் உள்ளே வரும்போது அதன் முன்னால் ஏழு இருசக்கர வண்டிகளும் வாயிலை அடைத்தபடி ஒரு வெள்ளைக் காரும் நின்றிருந்தன. உரியவர்கள் போய் எடுத்து நிறுத்திவிட்டு வாருங்கள். நீங்கள் திரும்பும் வரை நான் பேசப்போவதில்லை. தேநீர் வந்திருக்கிறது, மற்றவர்கள் குடிக்கலாம்.