சின்னப் புத்தகம் அவசரமாத் தாண்டுற பக்கங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு என்னைக் கதைக்கச் சொன்னது சார்ள்ஸ் ஸ்பர்ஜன் எண்ட இங்கிலாந்துப் பிரசங்கியாரைப் பற்றின ஒரு அறிமுக வாழ்க்கை வரலாற்றைப் பற்றி. சின்னப் புத்தகம்தான், ஒரு பின்னேரத்திலை வாசிச்சு முடிச்சிடலாம். கோயிலுக்குப் போற ஆள் இவருக்கு ஏன் இந்த வேலை எண்டு பின்னுக்கு இருக்கிற சில பேர் யோசிக்கிறது விளங்குது, யோசியுங்கோ, ஆனா கேட்டு முடிச்சிட்டு யோசியுங்கோ.

பிறந்தது 1834. 1850 ஜனவரியிலை கடும் பனி, போக நினைச்ச சேர்ச்சுக்குப் போகேலாமல் கொல்செஸ்ரர் எண்ட ஊரிலை ஒரு சின்ன மெதடிஸ்ற் சேர்ச்சுக்குள்ளை இந்தப் பெடியன் ஒதுங்கிறார், வயசு 15. அண்டைக்குப் போதகர் வரேல்லை, ஆரோ ஒரு சாதாரண மனுசன் எழும்பி "என்னை நோக்கிப் பாருங்கள்" எண்ட பைபிள் வசனத்தையே, ஏசாயா புத்தகத்திலை இருக்கிறதை, திருப்பித் திருப்பிச் சொல்லுறார், அவருக்குச் சொல்ல வேறை கனக்க இல்லையாம். அதிலைதான் பெடியன் மாறினது. பிறகு 19 வயசிலை லண்டனிலை பிரசங்கியார், கொலிஜ் படிப்பெண்டு ஒண்டும் இல்லை. 1861இலை கட்டின மெற்றோபொலிற்றன் ரபர்னக்கிள் எண்ட அவரின்ரை பெரிய சேர்ச்சிலை 5,000க்கு மேலை சனம், மைக் இல்லாத காலம், வெறும் தொண்டை. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலையும் வடிவா இருக்கும், நான் நேரத்தை வீணாக்கேல்லை.

நான் சொல்ல வந்தது வேறை. இப்பிடிப் புத்தகங்கள் சனத்தின்ரை தொகையை எண்ணேக்கை ஆறுதலா எண்ணும், தொண்டை அடைக்கிற இடம் வந்தால் ஓடும். அந்த இடத்திலை நாங்கள் நிக்க வேணும்.

1856 ஒக்ரோபர் 19, ஞாயிறு இரவு. லண்டனிலை சறே கார்டன்ஸ் எண்ட இசை மண்டபம், உள்ளுக்கை ஏறக்குறைய 10,000 பேர், வெளியிலையும் இடமில்லாமல் சனம். ஜெபம் நடக்கேக்கை ஆரோ "நெருப்பு" எண்டு கத்துறாங்கள். நெருப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. சனம் படியாலை இறங்கி ஓடுது, கைப்பிடி உடையுது, ஒராளுக்கு மேலை ஒராள் விழுகுது, ஏழு பேர் செத்தவை. மேடையிலை நிக்கிறவருக்கு ஆக்கள் செத்தது தெரியாது, சனத்தை அமத்தப் பாக்கிறார், பிரசங்கமும் துடங்கிறார், கடைசியிலை அவரைத் தாங்கித்தான் வெளியிலை கொண்டு போக வேண்டி வந்தது. வயசு 22. வீட்டிலை பிறந்து ஒரு மாசம் ஆன ரெட்டைப் பிள்ளையள். அடுத்த நாள் தொடக்கம் பேப்பர்காரர் ஏசின ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ரெண்டு கிழமையிலை திரும்பிப் பிரசங்க மேடைக்கு வந்திட்டார், ஆனா மனச்சோர்வு சாகுமட்டும் விடேல்லை, அதைப் பற்றி மேடையிலையே வெளிப்படையாக் கதைச்சவர். என்ரை கையிலை இருக்கிற புத்தகத்திலை இதெல்லாம் ஒரே ஒரு பந்தி!

அடுத்தது இன்னும் முக்கியம், ஏனெண்டால் இது எங்களைத் தொடுற விசயம். 1857 ஒக்ரோபர் 7, லண்டனிலை கிறிஸ்ரல் பலஸ் எண்ட பெரிய கண்ணாடி மண்டபத்திலை 23,654 பேருக்குப் பிரசங்கம். இந்த எண் எல்லாப் புத்தகத்திலையும் கடைசி இலக்கம் வரைக்கும் இருக்கு. குரல் கேக்குதோ எண்டு பாக்க முதலே போய் ஒரு வசனத்தைச் சத்தமாச் சொல்ல, மேலை வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி மனம் மாறின கதையும் இருக்கு. ஆனா அண்டைக்கு ஏன் கூட்டம்? இந்தியாவிலை சிப்பாய்க் கலகம் நடக்குது, அதுக்காக அரசாங்கம் அறிவிச்ச உபவாச நாள் அது. அந்த மேடையிலை அவர் சிப்பாய்களைத் தண்டிக்க வேணும் எண்டு பேசினவர், இந்து சமயத்தை அரசாங்கம் அடக்கியிருக்க வேணும் எண்டும் பேசினவர். இதே மனுசன்தான் அடிமை முறையை எதிர்த்ததாலை அமெரிக்காவின்ரை தென்பக்கத்திலை இவரின்ரை புத்தகங்களைக் கொளுத்தினவை. ரெண்டையும் ஒரே ஆளிலை வைச்சு வாசிக்கிறது கஷ்டம்தான், எனக்கும் கோபம் வந்தது, அதுக்காகப் புத்தகத்தை மூடேலுமோ?

அப்ப எங்கடை யாழ்ப்பாணத்திலை என்ன நடந்துகொண்டிருந்தது எண்டு பாருங்கோ. பேர்சிவல் பாதிரியாரோடை இருந்து பைபிள் மொழிபெயர்ப்பிலை வேலை செய்த ஆறுமுக நாவலர், 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலை சைவப் பிரசங்கம் துடங்கினவர். பாதிரிமார் வாரம் தவறாமல் சனத்தைக் கூட்டிவைச்சுக் கதைக்கிற அந்த முறையை வடிவாப் பாத்துப் படிச்சு, அதையே எடுத்து அவைக்கு எதிராத் திருப்பினார். கிறிஸ்ரல் பலஸ் கூட்டத்துக்குப் பத்து வருசம் முந்தி. அங்கை அடக்க வேணும் எண்டு சொன்ன சமயம் இங்கை ஏற்கனவே மேடை ஏறியிட்டுது. ரெண்டு பேரின்ரை வரலாற்றையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு வாசிச்சால்தான் அந்த நூற்றாண்டு விளங்கும், தனியொரு புத்தகத்தாலை விளங்காது.

இன்னொண்டு, ஸ்பர்ஜன் மேடைக்குக் கொண்டு போறது சின்னக் குறிப்பு மட்டும்தான். சுருக்கெழுத்துக்காரர் எழுதி எடுப்பினம், திங்கட்கிழமை அவர் இருந்து திருத்துவார், பிறகு அச்சடிச்சு ஒரு பென்னிக்கு விக்கிறது. அவர் 1892இலை செத்தாப் பிறகும் 1917 வரைக்கும் கிழமைக் கிழமை அது வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு எழுத்து மிச்சம். மனுசி சுசன்னா வருத்தக்காரி, வீட்டை விட்டு வெளிக்கிடுறதே கஷ்டம், அவதான் 1875இலை ஒரு நிதி துடங்கி, புத்தகம் வாங்க வழியில்லாத ஏழைப் போதகர்மாருக்குப் புத்தகம் அனுப்பினவ. அவவுக்கு இந்தப் புத்தகம் குடுத்த இடம் அரைப் பக்கம். கேள்வி இருக்கிற ஆக்கள் இப்ப கேளுங்கோ.