இறக்கத்துக்கும் பழக வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

முதுகில் பையைச் சுமந்து மூன்று நான்கு நாள் மலையில் நடக்கப் போகிறோம் என்று முடிவானதும், நம்மில் பலர் முதலில் செய்வது காலையில் எழுந்து ஓடுவது. நல்ல காரியம்தான், மூச்சு பழகும். ஆனால் ஏறுவதற்கு இவ்வளவு பாடுபடுகிற நாம் இறங்குவதற்கென்று எதுவுமே செய்வதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் முதல் நீண்ட நடைக்கு முன் இரண்டு மாதம் சமதரையில் தினமும் ஓடினேன். முதல் நாள் ஏற்றத்தில் குழுவிலேயே முன்னால் போனேன். மறுநாள் முழுக்க இறக்கம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தொடை நடுங்க ஆரம்பித்தது. நின்றால் கால் தானாக ஆடுகிறது. அடுத்த கல்லில் கால் வைத்தால் முட்டி மடங்கிவிடுமோ என்று பயம். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு கல்லாக இறங்கினேன். எங்களோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். ஏறும்போது எனக்கு வெகு பின்னால் வந்தவர். அவர் என் பக்கத்தில் வந்து, என் பையிலிருந்த கூடாரத்தை எடுத்துத் தன் பையில் கட்டிக்கொண்டார். "தம்பி, படி இறங்கிப் பழகினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மூன்று மாதமாகப் பையை மாட்டிக்கொண்டு, வாரம் இரண்டு முறை மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகியிருக்கிறார். அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை வருடமாக நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது? ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் உண்டாவது இந்த இரண்டாவது வேலையில்தான். இறங்கும்போது மூச்சு வாங்குவது குறைவு, அதனால் உடம்பு களைப்பதே நமக்குத் தெரிவதில்லை. வலியும் உடனே வருவதில்லை. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதாவது, பயணத்தின் நடுவில்.

ஆனால் தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை இறங்கி வலித்துத் தேறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு வலிக்காது. அதனால் அந்த முதல் வலியை வீட்டிலேயே பட்டுவிடுங்கள் என்கிறேன்.

ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். விழாமல் இருக்கக் கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம். மற்றக் காலைக் கீழ்ப்படியை நோக்கி மெல்ல இறக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கும்போது குதிகால் தரையைத் தொட வேண்டும். சட்டென்று விழுந்தால் பயிற்சியே இல்லை. நிற்கிற காலின் முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, பாதம் பார்க்கிற திசையையே பார்க்கட்டும். காலுக்குப் பத்து தடவை, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முட்டியில் குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிடுங்கள். தொடை வலிப்பது வேறு, முட்டி வலிப்பது வேறு. திரும்பவும் சொல்கிறேன், மெதுவாக இறங்குவதுதான் பயிற்சி.

இரண்டு வாரம் இப்படிச் செய்த பிறகு பையை மாட்டுங்கள். எடைக்குத் தண்ணீர் பாட்டில் வசதி, ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று நான்கு கிலோவில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ கூட்டலாம். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ. அவசரப்படக் கூடாது. மூச்சும் தசையும் சில வாரங்களில் தயாராகிவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று எடையை ஏற்றுகிறவர்களுக்குத்தான் குதிகாலிலும் கெண்டைக்காலிலும் வலி வருகிறது. அதனால்தான் பயிற்சிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கேட்கிறேன். பையின் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டுங்கள், பெரும்பாலான எடை தோளில் இருந்து இறங்கிவிடும்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பாதத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பயணத்தில் போடப்போகிற அதே ஷூ, அதே சாக்ஸோடு பழகுங்கள். ஈரத்தோல் சீக்கிரம் கொப்புளிக்கும்; பாதத்தில் ஓரிடம் சுடுகிறது என்று தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுங்கள். 2500 மீட்டருக்கு மேல் போகிறவர்களே, எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் உயர நோய், அதாவது உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைப்பதால் வருகிற தலைவலியும் குமட்டலும், வரலாம், அங்கே மெதுவாக ஏறுவதுதான் வழி.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி மூன்று நாள் படியே வேண்டாம், சும்மா நடந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.